மேசையில் வாய் திறக்கும் முன்

அன்புள்ள மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். ஹூஸ்டனில் உன் அலுவலக நண்பர்கள் வெள்ளிக்கிழமை இரவுகளில் ஒருவர் வீட்டில் கூடிப் போக்கர் ஆடுவதாகவும், அடுத்த வாரம் உன்னையும் அழைத்திருப்பதாகவும், விதிகளைப் படித்துவிட்டாலும் அவர்கள் பேசும் சொற்களில் பாதி பிடிபடவில்லை என்றும் எழுதியிருந்தாய். கப்பல் காசினோவில் நான் டீலராகச் சீட்டுப் போட்ட சம்பளத்தில்தான் நீ படித்தாய். அந்தத் தொழிலைப் பற்றி நீயே என்னிடம் கேட்டது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. போக்கர் சொற்களை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வேடிக்கைப் பெயர்களிலிருந்து தொடங்குவார்கள். நான் அவற்றைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். சில சொற்கள் வாயிலிருந்து வந்த கணமே உன் பணத்தைக் கட்டிப்போட்டுவிடும் என்பதால், அவற்றைத்தான் நீ முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீங்கள் ஆடப்போவது டெக்சாஸ் ஹோல்டெம். அது பிறந்த ஊர் என்று டெக்சாஸ் சட்டமன்றம் 2007-இல் தீர்மானம் போட்டு ஏற்றுக்கொண்ட ராப்ஸ்டவுன், நீ இருக்கும் மாநிலத்தில்தான், கார்பஸ் கிறிஸ்டிக்கு அருகில் இருக்கிறது. நம் வீட்டு ரம்மியைப் போல இதில் சீட்டை எடுத்துக் கழிக்கும் வேலை கிடையாது. உனக்கு மட்டும் தெரியும்படி இரண்டு சீட்டு வரும். அவற்றை ஹோல் கார்டு என்பார்கள். பிறகு எல்லோருக்கும் பொதுவாக மேசை நடுவில் முதலில் மூன்று சீட்டைத் திறப்பது ஃபிளாப், நான்காவது டர்ன், ஐந்தாவது ரிவர். இந்த ஏழில் சிறந்த ஐந்தைக் கொண்டு உன் கை மதிப்பிடப்படும். சீட்டு வருவதற்கு முன்பே இருவர் கட்டாயமாகக் கட்டும் தொகை பிளைண்ட். உன் நண்பர்கள் 'ஒன் டூ' என்று சொன்னது, ஸ்மால் பிளைண்ட் 1 டாலர், பிக் பிளைண்ட் 2 டாலர் என்பதைத்தான்.

உன் முறை வரும்போது செய்யக்கூடியவை சிலவே. யாரும் கட்டாதபோது நீயும் கட்டாமல் விடுவது செக். முதலில் கட்டுவது பெட். கட்டியதற்குச் சமமாகக் கட்டுவது கால். அதைக் கூட்டுவது ரெய்ஸ். சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகுவது ஃபோல்டு. எதிரில் இருப்பதை எல்லாம் தள்ளிவிடுவது ஆல்-இன். உன் முறையில் இவற்றில் ஒன்றை நீ வாயால் சொல்லிவிட்டால் அதுவே செல்லும். பிறகு மனம் மாறினாலும் கை மாறக் கூடாது. திரைப்படங்களில் ஒருவர், "உன் இருபதுக்குக் கால், அதற்கு மேல் ரெய்ஸ் நாற்பது" என்று மெல்ல இழுத்துப் பேசுவதை நீ பார்த்திருப்பாய். உண்மையான மேசையில் 'கால்' என்ற சொல் வந்த இடத்திலேயே அவர் ஆட்டம் முடிந்துவிட்டது. அந்த நாற்பதை டீலர் திருப்பித் தள்ளிவிடுவார். பணத்துக்குப் பதிலாக வைக்கும் வட்டுகளான சிப்பை இரண்டு தவணையாக முன்னே வைப்பதும் அதே குற்றம்தான், அதற்கு ஸ்ட்ரிங் பெட் என்று பெயர். முதல் தவணைக்கு எதிராளியின் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்துவிட்டு இரண்டாவதைத் தீர்மானிக்க ஒருவருக்கும் இடம் தரக் கூடாது என்பதற்காகவே அந்த விதி இருக்கிறது. இன்னொன்றையும் கவனி. எதிராளி 5 டாலர் கட்டியிருக்கும்போது, நீ ஒன்றும் பேசாமல் 25 டாலர் சிப் ஒன்றைப் போட்டால், பெரும்பாலான மேசைகளில் அது கால் மட்டுமே; மீதி 20 உனக்குத் திரும்பி வரும். ஆகவே கூட்ட நினைத்தால் முதலில் "ரெய்ஸ்" என்று சொல், பிறகு மொத்தத் தொகையைச் சொல், அதற்குப் பிறகே சிப்பைத் தொடு. எந்தக் குழப்பமும் வராது.

சிப்புகளை, பாட் எனப்படும் நடுக்குவியலுக்குள் வீசாதே; அதை ஸ்பிளாஷ் செய்வது என்பார்கள், எவ்வளவு வந்தது என்று எவராலும் எண்ண முடியாமல் போகும். கழித்த சீட்டுகள் சேரும் குவியல் மக். உன் சீட்டு அதற்குள் போய்விட்டால், அது வென்ற கையாக இருந்தாலும் செத்த கைதான். சீட்டின் மீது ஒரு சிப்பை வைத்துக் காத்துக்கொள்வதை முதல் நாளிலேயே பழக்கமாக்கிக்கொள். கடைசியில் சீட்டைத் திறந்து காட்டும் ஷோடவுனில், வென்றோமா என்று சந்தேகம் வந்தால் வாயால் ஒன்றும் சொல்லாமல் இரண்டு சீட்டையும் திறந்து வை. நீ கவனிக்காமல் விட்ட ஸ்ட்ரெயிட்டை, அதாவது அடுத்தடுத்த எண்களில் அமைந்த ஐந்து சீட்டை, வேறு யாராவது பார்ப்பார்கள். சீட்டே பேசும் என்பது போக்கரின் பழைய சட்டம்.

டேபிள் ஸ்டேக்ஸ் என்பதும் உன் பணத்தைக் காக்கும் சொல். ஒரு கை தொடங்கியபோது மேசையில் உன் முன் என்ன இருந்ததோ அதைத்தான் நீ இழக்க முடியும். பாதியில் கைப்பையைத் திறந்து நோட்டை எடுக்கவும் கூடாது, உன்னை எடுக்கச் சொல்லவும் கூடாது. அப்படியானால் குறைவாக வைத்திருப்பவர் என்ன செய்வார் என்று நீ கேட்பாய். உன்னிடம் 40 டாலர், மற்ற இருவரிடம் தலா 100 டாலர் என்று வைத்துக்கொள். மூவரும் எல்லாவற்றையும் தள்ளினால், தலா 40 சேர்ந்த 120 டாலர் மெயின் பாட். அதில் உனக்கும் உரிமை உண்டு. மற்ற இருவரின் மீதி 60-உம் 60-உம் சேர்ந்த 120 டாலர் சைடு பாட். அது அவர்களுக்குள் மட்டும். உன் கை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சைடு பாட்டின் மீது கண் வைக்க முடியாது.

உட்காரும் இடத்துக்கும் பெயர்கள் இருக்கின்றன, அவற்றின் அருமை உனக்குச் சில வாரங்களில் தெரியும். பட்டன் என்ற வெள்ளை வட்டு யார் முன் இருக்கிறதோ அவர்தான் ஃபிளாப்புக்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் கடைசியாகப் பேசுவார். எல்லோரும் செய்ததைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறவருக்குக் கிடைக்கும் நன்மை சீட்டில் கிடைக்காது. பிக் பிளைண்டுக்கு அடுத்து இடப்பக்கம் இருப்பவர் அண்டர் தி கன். ஃபிளாப்புக்கு முந்தைய சுற்றில் ஒரு தகவலும் இல்லாமல் முதலில் பேச வேண்டியவர். பட்டனுக்கு முந்தைய இடம் கட்-ஆஃப், அதற்கும் முந்தையது ஹைஜாக். பட்டனில் ரெய்ஸ் செய்யத்தக்க கையை அண்டர் தி கன்னில் ஃபோல்டு செய்வது கோழைத்தனம் இல்லை. கூட்டாமல் பிக் பிளைண்டுக்குச் சமமாக மட்டும் கட்டி நுழைவதை லிம்ப் என்பார்கள். ரெய்ஸுக்கு மேல் மீண்டும் கூட்டுவது த்ரீ-பெட், ஏனெனில் பிக் பிளைண்டையே முதல் பெட்டாகக் கணக்கு வைப்பது மரபு.

நீ கணக்குப் படித்தவள் என்பதால், அடுத்த சொற்கள் உனக்கு மிகவும் பிடிக்கும். உன் கையில் இரண்டு ஹார்ட் சீட்டுகள், ஃபிளாப்பில் இரண்டு ஹார்ட் சீட்டுகள் வந்துவிட்டன. இன்னும் ஒன்று வந்தால் ஐந்தும் ஒரே இனமாகி ஃபிளஷ். இதை டிரா என்பார்கள். 13 ஹார்ட்டில் 4 கண்ணுக்குத் தெரிந்துவிட்டதால் மீதி 9 உன்னைக் காப்பாற்றும் சீட்டுகள்; அவற்றின் பெயர் அவுட்ஸ். நீ பார்க்காத சீட்டுகள் 47. ஆக, டர்னிலேயே அது வர 9/47, அதாவது ஏறத்தாழ 19 சதவீதம். ரிவர் வரை இரண்டு சீட்டையும் பார்த்தால் 35 சதவீதம். மேசையில் வகுத்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது என்பதால், ஒரு சீட்டு வரவேண்டியிருந்தால் அவுட்ஸை 2-ஆலும், இரண்டு சீட்டு வரவேண்டியிருந்தால் 4-ஆலும் பெருக்கிக்கொள்வார்கள். இனி பாட் ஆட்ஸ், அதாவது வெல்லக்கூடிய தொகைக்கும் அதற்காகக் கட்ட வேண்டிய தொகைக்கும் உள்ள விகிதம். நடுவில் 60 டாலர் இருக்கிறது, எதிராளி 20 கட்டுகிறார். 80-ஐ வெல்ல நீ 20 கட்ட வேண்டும். நீ கட்டியபின் மொத்தம் 100, அதில் உன் பங்கு 20 சதவீதம். உன் வாய்ப்போ 19. தராசு ஏறக்குறைய சமமாக நிற்கிறது. ஃபிளஷ் விழுந்தபின் அவர் இன்னும் கொஞ்சம் பணம் தருவார் என்று நம்ப இடமிருந்தால், அந்த நம்பிக்கையின் பெயர் இம்ப்ளைடு ஆட்ஸ், அப்போது கால் செய்வது சரி. அவர் 20-க்குப் பதிலாக 60 கட்டியிருந்தால், 180-இல் உன் பங்கு 60, மூன்றில் ஒன்று. அந்த டர்ன் சீட்டுக்காக மட்டும் அவ்வளவு விலை கொடுப்பது நியாயமாகாது. இந்தக் கணக்கை நீ பழகிவிட்டால் மற்ற சொற்கள் மெதுவாக வந்தாலும் பாதகமில்லை.

இரு முனையிலும் திறந்த ஸ்ட்ரெயிட் டிராவுக்கு 8 அவுட்ஸ். நடுவில் ஓட்டை விழுந்த கட்-ஷாட்டுக்கு 4 மட்டுமே. புதியவர்களைக் கவிழ்க்கும் இன்னொரு சொல் கிக்கர். மேசையில் ஏஸ், ராணி, 9, 7, 2 கிடக்கின்றன. உன்னிடம் ஏஸும் 4-உம், அவரிடம் ஏஸும் ராஜாவும். இருவருக்கும் ஏஸ் ஜோடிதான். ஆனால் அவருடைய ராஜா துணைச்சீட்டாக நின்று வென்றுவிடும். ஏஸைக் கண்டவுடன் சிப்பைத் தள்ளுகிறவர்கள் இப்படித்தான் இழக்கிறார்கள். கையில் ஜோடி இருந்து மேசையில் மூன்றாவது வந்தால் செட், கையில் ஒன்றும் மேசையில் இரண்டும் என்றால் டிரிப்ஸ். செட் எதிராளியின் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அதன் மதிப்பு அதிகம். அந்த மேசையில் இருக்கக்கூடிய கைகளில் எல்லாம் மேலானது நட்ஸ்.

இனி மனத்தைப் பற்றிய சொற்கள். ஏஸ் ஜோடிக்கு எதிரே ராஜா ஜோடி ஆல்-இன் ஆனால், ஏஸ் ஏறத்தாழ 82 சதவீதம் வெல்லும். மீதி 18 நடக்கும்போது ஏஸ் வைத்திருந்தவர் அதை பேட் பீட் என்பார். ராஜா ஜோடி வைத்திருந்தவர் வழக்கம்போல் தோற்றாலோ, அது கூலர். இரண்டுமே பெரிய கைகள், எவராலும் விட்டு விலகியிருக்க முடியாது. இவ்விரண்டுக்கும் பிறகு வருவதுதான் டில்ட். பின்பால் இயந்திரத்தை ஆட்டி உலுக்கினால் அது 'டில்ட்' என்று விளக்கெரிந்து நின்றுவிடும். அங்கிருந்து வந்த சொல். டில்ட் ஆனவர் சத்தம் போடுவார் என்று நினைக்காதே. நான் பார்த்தவரை பெரும்பாலோர் மிக அமைதியாக இருப்பார்கள். சிப்புகளை நேராக அடுக்குவதை மட்டும் நிறுத்திவிடுவார்கள், சீட்டை முழுதாகப் பார்க்காமலேயே "கால்" என்பார்கள். உன் விரல்கள் அப்படி மாறுவதை நீ கண்டால் ஒரு சுற்று எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வா.

ஸ்லோ-பிளே என்பது பெரிய கையை மறைத்து மெதுவாக ஆடுவது. அது முறையான தந்திரம். ஸ்லோ-ரோல் என்பது, வென்றுவிட்டது உறுதியாகத் தெரிந்தும், எதிராளியை ஏங்கவிட்டுச் சீட்டைத் தாமதமாகத் திறப்பது. அதை ஒருபோதும் செய்யாதே. விதியில் தடை இல்லாவிட்டாலும், மேசையில் இருக்கிற ஒவ்வொருவரும் அதை மனத்தில் குறித்துக்கொள்வார்கள்.

வேடிக்கைப் பெயர்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஏஸ் ஜோடி பாக்கெட் ராக்கெட்ஸ்; 221 முறைக்கு ஒரு முறைதான் சராசரியாக வரும். ராஜா ஜோடி கவ்பாய்ஸ், ராணி ஜோடி லேடீஸ், ஜாக்கி ஜோடி ஃபிஷ்ஹூக்ஸ், 8-இன் ஜோடி ஸ்னோமென், 2-இன் ஜோடி டக்ஸ். ஏஸும் ராஜாவும் சேர்ந்தால் பிக் ஸ்லிக். 10-உம் 2-உம் சேர்ந்தால் டாயில் பிரன்சன், ஒரு போக்கர் ஆட்டக்காரரின் பெயர். அவர் 1976-இலும் 1977-இலும் போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியை அந்தச் சாதாரணக் கையை வைத்தே முடித்தார். கறுப்பு ஏஸ் இரண்டும் கறுப்பு எட்டு இரண்டும் டெட் மேன்ஸ் ஹேண்ட். 1876 ஆகஸ்ட் 2-இல் அமெரிக்காவின் டெட்வுட் ஊரில் வைல்டு பில் ஹிக்காக் என்ற துப்பாக்கி வீரர் சுடப்பட்டபோது அவர் கையில் அவை இருந்ததாகச் சொல்லப்படுகிறது.

ஆட்களுக்கு வைத்த பெயர்களை நீ புரிந்துகொள்ள வேண்டும், ஆனால் சொல்ல வேண்டாம் என்பது என் விருப்பம். நன்றாக ஆடத் தெரியாதவர் ஃபிஷ், மோசமாக ஆடுகிறவர் டாங்கி, பெருந்தொகையை இழக்கக்கூடியவர் வேல், நல்ல கைக்காகவே காத்துக்கிடப்பவர் நிட், எதற்கும் கால் செய்கிறவர் காலிங் ஸ்டேஷன். காலிங் ஸ்டேஷனிடம் பிளஃப் செய்யக் கூடாது, அதாவது நல்ல கை இருப்பதுபோல் காட்டி மிரட்டக் கூடாது, என்ற அளவில் அந்தச் சொல் உனக்குப் பயன்படும். ஃபிஷ் என்று ஒருவரை முகத்துக்கு எதிரே சொல்வது அவமதிப்பு. அவர் திங்கட்கிழமை உன் அடுத்த மேசையில் வேலை செய்பவர் என்பதையும் நினைவில் கொள்.

காசினோ ஒவ்வொரு பாட்டிலிருந்தும் எடுத்துக்கொள்ளும் பங்கு ரேக். வீட்டு ஆட்டத்தில் ரேக் எடுத்தால் நீ அங்கே உட்கார வேண்டாம். டெக்சாஸ் சட்டத்தின்படி, ஆட்டம் தனியார் இடத்தில் நடக்க வேண்டும், ஆடுகிறவர் வெல்லும் பணத்தைத் தவிர எவரும் ஆதாயம் பெறக் கூடாது, திறமையும் அதிர்ஷ்டமும் நீங்கலாக எல்லோருக்கும் வாய்ப்பு சமமாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால்தான் ஆடியவருக்குச் சட்டப் பாதுகாப்பு.

நீ கடைசியாகக் கேட்ட ஸ்ட்ராடில், அண்டர் தி கன்னில் இருப்பவர் சீட்டுப் பார்ப்பதற்கு முன்பே தானாக முன்வந்து 4 டாலர் கட்டுவது. ஃபிளாப்புக்கு முந்தைய சுற்றில் கடைசியாகப் பேசும் உரிமை அவருக்கு வந்துவிடும், ஆட்டமும் அந்தக் கைக்கு இரு மடங்காகிவிடும். நீ 200 டாலர் பை-இன், அதாவது ஆட்டத்தில் சேரச் சிப் வாங்கும் தொகை, கட்டி 100 பிக் பிளைண்டுடன் உட்கார்ந்திருந்தால், ஸ்ட்ராடில் வரும்போது உன்னிடம் இருப்பது 50 மட்டுமே என்று எண்ணி ஆட வேண்டும். அங்கே ஸ்ட்ராடில் வழக்கம் உண்டா என்று சிப் வாங்கும் முன்பே வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள். ஆட்டம் முடிந்த மறுநாள், உனக்குப் புரியாமல் போன கை எதுவாக இருந்தாலும், யார் எந்த இடத்தில் இருந்தார், ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு கட்டினார்கள் என்று வரிசையாக எழுதி அனுப்பு. நான் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா