இரட்டை மோட்டார் விமான கிட் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாடல் விமான கிட் விற்கும் கடைக்காரர்களுக்கு வணக்கம்.

தருமபுரியில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். பிழைப்பு போர்வெல் மோட்டாரில்தான். ஆனால் இப்போதெல்லாம் கல்லூரிப் பிள்ளைகள் கருகிப்போன ஈ.எஸ்.சி.யை, அதாவது மாடல் விமான மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சின்னப் பலகையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். போன ஞாயிறும் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களுடைய இரட்டை மோட்டார் விமானம் காரிமங்கலம் பக்கம் ஒரு தக்காளித் தோட்டத்தில் மூக்குக் குத்த விழுந்திருக்கிறது.

ஈ.எஸ்.சி. மேலுறையைக் கீறிப் பார்த்தேன். ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கு, பேட்டரியிலிருந்து 5 வோல்ட் எடுத்துக் கொடுக்கும் பெக் (BEC) என்ற பகுதி இருக்கும் இடம் கறுத்துக் கிடந்தது. காரணம் உங்களுக்குத் தெரியாததல்ல. இரண்டு ஈ.எஸ்.சி., இரண்டிலும் பெக், இரண்டின் சிவப்பு வயரும், இரண்டை ஒன்றாகச் சேர்க்கும் ஒய் கேபிள் வழியாக ஒரே ரிசீவருக்குள் போகின்றன. சுவிட்சிங் வகை பெக்குகளை இப்படிக் கோத்தால், எதில் வோல்டேஜ் ஒரு பொடி அதிகமோ அதன் தலையில்தான் சுமை விடியும். அது ஷார்ட் ஆனால் மற்றதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அப்புறம் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ஒரு பிளக்கில் நடுவில் உள்ள சிவப்பு வயரின் ஊசியை மட்டும் கழற்றி டேப் சுற்றியிருந்தால் இது நடந்திருக்காது. ஐந்து நிமிட வேலை!

உங்கள் பெட்டியில் வந்த தாளை வாங்கிப் பார்த்தேன். ஒரு மோட்டாருக்கு மட்டும் படம். கீழே, இரண்டாவதற்கும் இப்படியே செய்யவும் என்று இங்கிலீஷில் ஒரு வரி. பையன்கள் அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். இரட்டை மோட்டாருக்கென்று தனியாக, தமிழில், ஒரு பக்க வயரிங் படம் வையுங்கள். போர்வெல் ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடிக்குள் படம் ஒட்டித்தானே வருகிறது? மூன்று வயரில் இரண்டை மாற்றினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும் என்பது எங்கள் ஊர் விவசாயிக்கே தெரியும், அதை நீங்கள் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் இறக்கை வரை வயர் எட்டவில்லை என்றால் ஈ.எஸ்.சி.யின் பேட்டரிப் பக்கம் நீட்டக் கூடாது, மோட்டார் பக்கம்தான் நீட்ட வேண்டும் என்பதை யார் சொல்வது? பேட்டரி வயர் நீண்டால் வோல்டேஜ் எகிறி எகிறிக் கப்பாசிட்டர் வீங்கும். ஒரு மோட்டாருக்கு 30 ஆம்பியர் என்றால் இரண்டுக்கும் பொதுவான பேட்டரி வயரில் 60 ஓடும், அதற்கேற்ற தடிமன் வேண்டும். இதெல்லாம் அந்த ஒரு பக்கத்தில் அடங்கும்.

வாரண்டி விஷயம் இன்னும் வேடிக்கை. பேட்டரி கனெக்டர் இல்லாமல் மொட்டை வயராக அனுப்புகிறீர்கள். அதில் சாலிடர் வைத்தால் வாரண்டி இல்லை என்கிறீர்கள். சரி, வாயால் கடித்துப் பிடித்துக்கொண்டா பறக்கவிடுவது?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த சரக்கிலாவது தயவுசெய்து அந்தத் தமிழ்ப் படத்தைப் பெட்டிக்குள் வையுங்கள். உள்ளே இருப்பது எந்த வகை பெக் என்று ஸ்டிக்கரிலும் போடுங்கள். வரைய ஆள் இல்லை என்றால் நானே வரைந்து தருகிறேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு ரீவைண்டிங் கடைக்காரர்,
தருமபுரி