மிஞ்சிய கருக்களைப் பற்றி எங்கள் பிரசங்க பீடம் பேசாதது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கருத்தரிப்பு மையங்கள் ஊருக்கு ஊர் பெருகிவருவது பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டணம், விளம்பரம், இலவச முகாம் எல்லாம் எழுதியிருந்தீர்கள், சரி. ஆனால் சிகிச்சை முடிந்த பிறகு மிஞ்சிக் கிடக்கும் கருக்கள் என்ன ஆகின்றன என்று ஒரு வரிகூட இல்லை. உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. அதைப் பேசவேண்டிய நாங்களே வாய் திறப்பதில்லை. நாங்கள் என்றால் சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று இந்தப் பக்கத்துச் சபைகள், அதிலும் பழைய போதனையை விட்டுவிடக்கூடாது என்று நினைக்கிற என்னைப் போன்றவர்கள்.

நான் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், அதனால் விஷயத்தை நேராகவே சொல்கிறேன். ஐ.வி.எஃப்., அதாவது உடலுக்கு வெளியே கருவாக்கும் சிகிச்சையில் பெண்ணுக்கு ஊசி போட்டு ஒரே மாதத்தில் பல முட்டைகளை முதிரச் செய்து எடுக்கிறார்கள். அத்தனையையும் கருவாக்கிப் பார்த்து, அதில் ஒன்றோ இரண்டோ கர்ப்பப்பைக்குள் வைக்கிறார்கள், மற்றதில் நன்றாக இருப்பதை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைய வைக்கிறார்கள். முதல் முயற்சியிலேயே குழந்தை தங்கிவிட்டால் உறைந்தது அங்கேயே இருக்கும். நம் நாட்டில் 2021-ல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி அதிகபட்சம் 10 வருடம்தான் வைக்கலாம், அப்புறம் அழிய விட்டுவிட வேண்டும், அல்லது தம்பதியின் சம்மதத்தோடு ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம். இதையெல்லாம் படிவத்தில் கையெழுத்து வாங்கித்தான் செய்கிறார்கள், ஆனால் குழந்தைக்காக ஏங்கி வந்து உட்கார்ந்திருக்கிறவர்கள் எந்தப் படிவத்தை நிதானமாகப் படிப்பார்கள்?

இனி சபைக்கு வருகிறேன். கருவான நேரத்திலிருந்தே அது தேவன் அறிந்த உயிர் என்று நாங்கள் சொல்கிறோம். அதற்குத் தாயின் கர்ப்பத்திலேயே தேவன் நம்மை உருவாக்கினார் என்று பாடும் 139-ஆம் சங்கீதத்தை வேதாகமத்திலிருந்து எடுத்துக் காட்டுகிறோம். கருக்கலைப்புச் சட்டத்தை 2021-ல் திருத்தி, குறிப்பிட்ட சில பெண்களுக்கு 20 வாரத்தை 24 வாரமாக்கியபோது கண்டித்துப் பேசினவர்கள் உண்டு. 2018 செப்டம்பரில் ஒரே பாலின உறவு குற்றமல்ல என்ற 377-ஆம் பிரிவுத் தீர்ப்பு வந்தபோதும், 2023 அக்டோபரில் ஒரே பாலினத் திருமண வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்தபோதும் பிரசங்கங்களுக்குப் பஞ்சமே இல்லை. திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியது என்பதே என் நம்பிக்கையும். அதை மாற்றிக்கொள்ளச் சொல்லி நான் எழுதவில்லை. அந்தப் பாவம் வேறு யாரோ செய்வது என்று நினைத்துக்கொண்டு பேசுவது சுலபம், அதனால்தான் அவ்வளவு சத்தம். ஐ.வி.எஃப். அப்படியில்லை. சாட்சி நேரத்தில் பிள்ளையைக் கையில் ஏந்தி நிற்கிறவர்கள் நம் சபையார், ஸ்தோத்திரக் காணிக்கை கொடுக்கிறவர்கள். அவர்களிடம் போய் மற்ற கருக்கள் எங்கே என்று எந்தக் குருவானவர் கேட்பார்? கேட்கவும் கூடாது, அந்த நேரத்தில் கேட்டால் அது கொடுமை. அதற்கு முன்னாலேயே போதித்திருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

போதனை இல்லாமல் தீர்ப்பு மட்டும் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் அலபாமா மாநிலம் இருக்கிறது. மொபைல் என்ற ஊரில் 2020 டிசம்பரில், மருத்துவமனையில் இருந்த ஒரு நோயாளி கரு சேமிப்பு அறைக்குள் புகுந்து சிலவற்றைக் கையில் எடுத்து, குளிர் தாங்காமல் கீழே போட்டுவிட்டார். அந்தக் கருக்களுக்குரிய தம்பதிகள் வழக்குப் போட்டார்கள். 2024 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம், 1872-ஆம் வருடத்துச் சட்டத்தின்படி உறைந்த கருவும் பிள்ளைதான் என்று தீர்ப்புச் சொன்னது, தலைமை நீதிபதி தனியாக எழுதிய கருத்தில் வேதாகமத்தையே எடுத்துக் காட்டினார். மையங்கள் பயந்து சிகிச்சையை நிறுத்தின. மூன்று வாரத்துக்குள் அதே மாநிலச் சட்டசபை, கருக்கலைப்பை எதிர்க்கிறவர்கள் நிறைந்த சபை, மையங்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்துச் சட்டம் போட்டுவிட்டது. அந்த ஜூன் மாதம்தான் தென் பாப்டிஸ்டுகள் இண்டியானாபோலிஸில் கூடி, கருவின் மதிப்பைக் காப்பாற்றும் முறைகளையே பயன்படுத்துங்கள் என்று தீர்மானம் போட்டார்கள். அமெரிக்காவிலேயே பெரிய புராட்டஸ்டன்ட் சபைப் பிரிவு, அதுவும் முதல் டெஸ்ட் டியூப் குழந்தை பிறந்து 46 வருடம் கழித்து!

கத்தோலிக்கர்கள் 1987-லேயே வத்திக்கானிலிருந்து ஐ.வி.எஃப். வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். எல்லாக் கத்தோலிக்கரும் கேட்டு நடக்கிறார்களா என்பது வேறு கதை. ஆனால் கேட்டால் சொல்ல அவர்களிடம் ஒரு பதில் இருக்கிறது. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. கணவன் மனைவி இருவருடைய அணுவும் முட்டையும் மட்டும், கர்ப்பத்தில் வைக்கப்போகிற அளவுக்கு மட்டும் கருவாக்குவது என்றால் எனக்கு மறுப்பில்லை. ஜெர்மனியில் 1991 முதல் நடைமுறையில் இருக்கும் கருப் பாதுகாப்புச் சட்டம் ஒரு சுற்றில் மூன்றுக்கு மேல் கர்ப்பப்பையில் வைக்கக்கூடாது என்கிறது. இத்தாலியிலும் 2004-ல் மூன்றுக்கு மேல் உருவாக்கவே கூடாது என்றார்கள், பெண்களின் உடல்நலத்தைக் காட்டி 2009-ல் அரசியல் சாசன நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதில் நியாயம் இல்லாமலில்லை, குறைவாக உருவாக்கினால் வாய்ப்புக் குறையும், மறுபடி ஊசி, மறுபடி செலவு. இந்தக் கஷ்டத்தை மறைக்காமல் சொல்லித்தான் போதிக்க வேண்டும். முட்டையை வெளியில் வாங்குவது எனக்குச் சம்மதமில்லை. 2022-ல் ஈரோட்டுப் பக்கம் 16 வயதுப் பெண்ணின் கருமுட்டையை விற்ற செய்தி உங்கள் வாசகர்களுக்கு மறந்திருக்காது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, என்னைக் கேட்டால் அதுதான் பெரிது. இந்தத் தம்பதிகளை அந்த மையத்துக்கு விரட்டுவதில் சபைக்கும் பங்கு இருக்கிறது. கல்யாணமாகி ஒரு வருடம் ஆனால் போதும், ஆலய வாசலிலேயே "விசேஷம் ஏதும் உண்டா?" என்று விசாரணை. ஸ்திரீகள் சங்கத்தில் பிள்ளையில்லாதவளை முன்னால் நிறுத்தித் தலையில் கை வைத்து ஜெபிப்பது, அவளிடம் கேட்காமலேயே. வேதாகமத்தில் பிள்ளையில்லாமல் ஏங்கின அன்னாளையும் சாராளையும் வைத்துப் பிரசங்கம், கடைசியில் இருவருக்குமே பிள்ளை கிடைத்துவிடும். கிடைக்காதவர்களுக்கு என்ன வார்த்தை என்று யாரும் சொல்வதில்லை. சாராள் அவசரப்பட்டு, தன் அடிமைப்பெண் ஆகாரைக் கணவனுக்குக் கொடுத்து அவள் மூலம் பிள்ளை பெறப் பார்த்த அத்தியாயத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள், இந்தக் காலத்துக்கு அதைவிடப் பொருத்தமான வேதபாடம் உண்டா?

தத்தெடுப்பதிலும் இதே தயக்கம்தான். "யார் பிள்ளையோ" என்று உறவுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், அதில் சாதிக் கணக்கும் இருக்கிறது, பூசி மெழுக வேண்டாம். ஒரு காலத்தில் சட்டமும் தடையாக இருந்தது. 1956-ஆம் வருடச் சட்டம் இந்துக்களுக்கு மட்டும் இடம் கொடுத்தது, கிறிஸ்தவர்கள் 1890-ஆம் வருடச் சட்டப்படி பாதுகாவலர் ஆகலாம், அவ்வளவுதான். சிறார் நீதிச் சட்டம் வந்த பிறகு அந்தத் தடை போய்விட்டது. 1901 முதல் பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேலின் டோனாவூர் இருக்கிற மாவட்டத்தில் வாழ்கிறோம் என்று பெருமை பேசும் நாம், திருமண ஆயத்த வகுப்பில் தத்தெடுப்புப் பற்றி ஒரு மணி நேரமாவது பேசினால் என்ன?

அந்த வகுப்பிலேயே மருத்துவர் ஒருவரையும் உட்காரவைத்து, எத்தனை முட்டையைக் கருவாக்குவீர்கள், மிஞ்சினால் என்ன செய்வீர்கள், குறைவாகச் செய்யச் சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா என்று மையத்தில் கேட்கக் கற்றுக்கொடுக்கலாம். சபைகளை நிர்வகிக்கிற திருமண்டலங்கள் இதற்கு ஒரு சின்னக் கையேடு போடட்டும். திருமண்டலத் தேர்தல் துண்டறிக்கைக்கு ஆகும் செலவில் பாதிகூட ஆகாது. உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்த மையங்களைப் பற்றி எழுதும்போது, அந்த 10 வருட விதியையும், தம்பதிகள் கையெழுத்துப் போடும் சம்மதப் படிவத்தில் என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, எல்லாரும் படிக்கவேண்டிய விஷயம் அது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.