மழைக்கு அப்புறம் டெங்கு: ட்ரம்மைத் தேய்த்துக் கழுவுங்கள்

தண்டையார்பேட்டை தெருக் குழுவினருக்கு வணக்கம். நம் தெருவில் மூன்று பிள்ளைகளுக்கு டெங்கு. நேற்று எங்கள் மாடி ட்ரம்மில் டார்ச் அடித்துப் பார்த்தேன், நூல்துண்டு மாதிரி கொசுப் புழுக்கள் நெளிந்தன. மூடி இருந்தது, ஓரம்தான் உடைந்திருந்தது.

சாக்கடையைக் குறைசொல்லிப் பயனில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நாம் லாரியில் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீரில்தான் அதிகம் வளரும், பகலில் கடிக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உள்சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் பிழைக்கும். அதனால் வாரம் ஒருமுறை பிரஷ் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் துணிகட்டி மூடுங்கள்.

காய்ச்சல் இறங்கும் நேரத்தில் கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் காத்திருக்காதீர்கள், உடனே 108.

ஞாயிறு காலை 8 மணிக்கு பிரஷ்ஷோடு வாருங்கள். தனியாக இருக்கும் பாட்டிகள் வீட்டு ட்ரம்மை முதலில் கழுவுவோம்.