யோடல் வேறு, குலவை வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் பழைய நகைச்சுவை நடிகர் சந்திரபாபு பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன், குறை சொல்ல மனசே வரவில்லை, ஆனாலும் ஓர் இடம் உறுத்துகிறது. பாட்டுக்கு நடுவே திடீரென்று குரலை மேலே எறிந்து கீழே பிடிப்பாரே, அந்த யோடலிங்கைக் கட்டுரையாளர் 'மேல்நாட்டுக் குலவை' என்று எழுதிவிட்டார். நான் நடவு வயலிலும் முளைப்பாரியிலும் குலவை கேட்டு வளர்ந்தவள், போட்டும் இருக்கிறேன். குலவையில் வேலையெல்லாம் நாக்குக்கு. சுருதி ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். யோடலில் நாக்கு சும்மா கிடக்கலாம், தொண்டைதான் பாடுபடுகிறது: நெஞ்சிலிருந்து கனமாக வந்துகொண்டிருக்கும் குரல் சட்டென்று மெலிந்து உயர்ந்த பொய்க்குரலுக்குத் தாவி, அதே வேகத்தில் இறங்கிவிடும். பாட்டுப் படிக்கிறவர்கள் பலர் இந்த இரண்டு குரலும் ஒட்டுகிற இடம் வெளியே தெரியக்கூடாது என்று வருஷக்கணக்கில் சாதகம் பண்ணுகிறார்கள். யோடல்காரர் அந்த ஒட்டையே பிரித்துக் காட்டுகிறார். மகரக்கட்டு வயசில் பையன்களுக்குக் குரல் தானாக நழுவும் இல்லையா, அதை வேண்டுமென்றே, சுருதி பிசகாமல் செய்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் அந்தச் சொல். ஆஸ்திரியா, பவேரியா மலைப்பக்கத்து ஜெர்மனில் 'யோடல்ன்' என்றால் 'யோ' என்று குரல் கொடுப்பது, அவ்வளவுதான். நாம் 'கூ' என்பதை வைத்துக் கூவு, கூவல் என்றெல்லாம் ஆக்கிக்கொண்ட மாதிரி. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. அமெரிக்காவில் ஜிம்மி ராட்ஜர்ஸ் என்ற பாடகர் 1927இல் இதைத் தன் பாட்டோடு சேர்த்து இசைத்தட்டில் ஏற்ற, பலர் அதை கௌபாய் சமாச்சாரம் என்றே நினைத்துவிட்டார்கள், உங்கள் கட்டுரையும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

சுவிட்சர்லாந்தின் அப்பென்செல் பக்கம் போனால் கதை வேறு. 1545இல் அச்சான ஒரு தொகுப்பிலேயே அந்த ஊர் மாட்டுக்காரர் மெட்டு இருக்கிறது. உர்னேஷ் என்ற ஊரில் டிசம்பர் 31 அன்றும், பழைய நாட்காட்டிப்படி வருஷக் கடைசியான ஜனவரி 13 அன்றும், தலையில் பெரிய அலங்காரத்தோடும் உடம்பில் கனத்த மணிகளோடும் ஆண்கள் பனியில் வீடு வீடாகப் போய் வட்டமாக நின்று பாடுகிறார்கள். ஒரு வார்த்தைகூடக் கிடையாது. நாம் சினிமாவில் கேட்ட துள்ளலும் இல்லை, மெதுவாக, ஒருவர் குரல் எடுக்க மற்றவர்கள் சுருதி பிடிக்கிறார்கள். முதல் தடவை கேட்டபோது எனக்குக் கொஞ்சம் ஒப்பாரி ஞாபகம்கூட வந்தது, அதற்காக 'மேல்நாட்டு ஒப்பாரி' என்று அடுத்த இதழில் போட்டுவிடாதீர்கள்!

யோடல் என்றே எழுதலாம், படிக்கிறவர்களுக்குப் புரியும். படக்குறிப்பில் 'ஜோடல்' என்று அச்சாகியிருப்பதையும் திருத்திவிடுங்கள், ஜெர்மன்காரர்கள் அந்த 'ஜே' எழுத்தை 'ய' என்றுதான் வாசிப்பார்கள்.

- ஒரு வாசகி, தென்காசி