கேஸ் முடியும்வரை: சுங்கை சிப்புட் தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

சென்ற ஞாயிறு காலைச் சந்தையில், லாரி விபத்தில் தலையில் அடிபட்ட உன் கணவரின் நட்டஈட்டு வழக்கைப் பற்றிப் பேசும்போது, மீன் பையைக் கையில் பிடித்தபடி, "அக்கா, ஒருத்தர் இரண்டாயிரம் வெள்ளி முன்பணம் தர்றேங்கிறாரு, கையெழுத்துப் போடட்டுமா?" என்று கேட்டாய். அந்த இரைச்சலில் "போடாதே" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. காரணத்தைச் சொல்லாமல் விட்டது மனத்தை உறுத்திக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

என் தம்பி மோட்டாரிலிருந்து தூக்கி எறியப்பட்ட மறுநாளே, வார்டு வாசலில் கோப்புடன் ஒருவர் எங்கள் அம்மாவுக்காகக் காத்திருந்தார். "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், கிடைப்பதில் முப்பது விழுக்காடு கொடுத்தால் போதும்" என்றார். அம்மா பால்மரம் வெட்டியே காலத்தைக் கழித்தவர். காட்டிய இடத்தில் கையெழுத்திட்டார். அந்தத் தாளிலிருந்து விடுபட்டு வேறொரு வழக்கறிஞரிடம் கோப்பை மாற்ற எங்களுக்கு எட்டு மாதம் ஆயிற்று. வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதை மலேசியாவின் 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் வழக்கறிஞருக்கே தடை செய்திருக்கிறது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. வழக்கறிஞருக்கே இல்லாத உரிமை இடைத்தரகருக்கு எங்கிருந்து வரும்?

உன் கணவரைச் சேர்த்த அன்று கோமா அளவுகோலில் 6 என்று மருத்துவர் சொன்னதாகச் சொன்னாய். அந்த அளவுகோல் 3 முதல் 15 வரை செல்லும். 8 அல்லது அதற்குக் கீழ் என்றால் கடுமையான மூளைக் காயம். இப்படிப்பட்ட காயத்தில் எது திரும்பும், எது திரும்பாது என்பது சில வாரங்களில் தெரிந்துவிடாது; மாதங்கள் ஆகும், சிலருக்கு ஓரிரு ஆண்டுகளும் ஆகும். லாரியின் காப்புறுதி நிறுவனம் விரைவாக முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லும் நேரமும் அதுவேதான். நிபுணர் அறிக்கை வருமுன் ஒப்புக்கொண்டால், பின்னால் வரும் வலிப்பு நோய்க்கும், மண்டையோட்டு எலும்பைத் திரும்ப வைக்கும் அறுவைக்கும், காலமெல்லாம் ஆள் வைத்துப் பார்ப்பதற்கும் யாரிடம் போய்க் கேட்பாய்? தன் காரியத்தைத் தானே நடத்த இயலாதவருக்காக அவருடைய பிரதிநிதியாக நீ வழக்குத் தொடுக்கலாம். ஆனால் சமரசம் என்று வந்தால் நீதிமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். அந்த விதி உன் கணவரைக் காப்பதற்கே இருக்கிறது, எவரேனும் அதைத் தொல்லை என்று சொன்னால் நம்பிவிடாதே.

அதுவரை அடுப்பு எரிவது எப்படி என்பதுதான் உன் கேள்வி. இரவு வேலை முடிந்து ஈப்போ தொழிற்சாலையிலிருந்து நேரே வீடு திரும்பும் வழியில் நடந்த விபத்து என்பதால், முதலில் சொக்சோவை, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தை, பிடி. வேலைக்குப் போகும் வழியும் திரும்பும் வழியும் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேலை விபத்தாகவே கொள்ளப்படும். எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, இருக்கும் நாள்களுக்கு அன்றாடச் சம்பளக் கணக்கில் 80 விழுக்காடு தற்காலிக இயலாமைத் தொகையாகக் கிடைக்கும்; ஆகவே எம்சி தாள் ஒன்றைக்கூடத் தவறவிடாதே. பிற்பாடு மருத்துவ வாரியம் முழு நிரந்தர இயலாமை என்று முடிவு செய்தால் அது 90 விழுக்காடாகும். எந்நேரமும் துணை தேவை என்று வாரியம் சான்றளித்தால் மாதம் 500 வெள்ளி கவனிப்புத் தொகையும் உண்டு. மலாக்காவில் சொக்சோவே நடத்தும் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பக் கேட்டும் விண்ணப்பிக்கலாம். கணவரின் இபிஎப் (ஊழியர் சேமநிதி) கணக்கிலிருந்து இயலாமைக்காகப் பணம் எடுக்க வழி இருக்கிறது, ஆனால் அது அவருடைய முதுமைக்கான பணம். வேறு வழி அடைபட்ட பிறகு தொடு.

லாரிக்காரரின் மீதான வழக்கு இதிலிருந்து வேறானது. லாரியின் தவறு தெளிவாக இருந்தால், இறுதித் தீர்ப்புக்கு முன்னரே இடைக்காலத் தொகை கேட்டு மனுச் செய்ய நீதிமன்ற விதிகளில் இடமுண்டு. இதை வழக்கறிஞரிடம் நீயாகக் கேள். கேட்காமல் சொல்பவர்கள் குறைவு. வட்டிக்காரரிடம் போவதானால், உரிமம் பெற்றவர் பிணையில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது என்பதை நினைவில் வை. உரிமமில்லாமல் வட்டிக்கு விடும் ஆலோங்கின் வாரக் கணக்கு எங்கே போய் முடியும் என்பது நம் தோட்டத்தில் வளர்ந்த உனக்குத் தெரியாததல்ல.

வருங்கால வருமான இழப்பைச் சட்டம் ஒரு கணக்கில் போடுகிறது: 31 முதல் 59 வயது வரை உள்ளவருக்கு 60இலிருந்து வயதைக் கழித்துப் பாதியாக்குவார்கள். 34 வயதான உன் கணவருக்கு அது 13 ஆண்டு. அவருடைய சொந்தச் செலவு போக மீதி மாத வருமானத்தை ஓராண்டுக்குக் கணக்கிட்டு, இந்த ஆண்டுகளால் பெருக்குவார்கள். வார இறுதியில் அவர் செம்பனைக் குலை ஏற்றிக் கையில் வாங்கிய கூலிக்குத் தாள் இல்லையென்றால் அது கணக்கில் ஏறுவது கடினம். கூலி கொடுத்தவரிடம் இப்போதே எழுதி வாங்கு.

இன்னும் ஒன்று. என் தம்பி நடந்தான், பேசினான், வந்தவர்களை "வாங்க, உட்காருங்க" என்றான். தேறிவிட்டான் என்று ஊரே சொன்னது. நான் வைத்திருந்த நோட்டில் ஒரு நாள் இப்படி இருக்கிறது: "விடியற்காலை 4.10. எழுந்து தொழிற்சாலைச் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் வந்துவிட்டதா என்றான். வேலை நின்று பதினொரு மாதம். அடுப்பை எரியவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான்." நன்றாகத்தானே நடக்கிறார் என்று எதிர்த்தரப்பு வாதிட்டபோது, மருத்துவ அறிக்கையோடு அந்த நோட்டும் நீதிமன்றத்துக்குப் போயிற்று. எழுத்து மணியாக இல்லாவிட்டால் பரவாயில்லை. குழாயில் பால் கொடுத்த நேரம், புரட்டிப் போட்ட நேரம், டயப்பர் விலை, யார் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள் என்பது, எல்லாவற்றையும் தேதி போட்டு எழுது, ரசீதை அதே பக்கத்தில் ஒட்டு. வீட்டார் பார்த்துக்கொள்வதற்கும் நட்டஈடு கேட்கலாம்.

வரும் ஞாயிறு சந்தைக்கு அந்தப் பழைய நோட்டைக் கொண்டுவருகிறேன். நீ அவருடைய சம்பளத் தாள்களையும் போலீஸ் ரிப்போர்ட்டின் நகலையும் எடுத்து வா. அந்த மனிதர் மீண்டும் வந்தால், அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பு.

அன்புடன்,
அக்கா