கேல்ஸ்பர்க் மேடையில் இரண்டு நாற்காலி போடுங்கள்

வெள்ளை மாளிகையில் அதிபரின் பயணங்களுக்கு முன்னேற்பாடு செய்யும் குழுவினருக்கு,

வணக்கம். இல்லினாய் மாநிலத்தின் மேற்கே கேல்ஸ்பர்க் என்றொரு ஊர். ஏறத்தாழ 30,000 பேர், ஓயாத சரக்கு ரயில்கள், நாக்ஸ் என்ற சிறிய கல்லூரி. அதிபர்களும் அதிபராகப் போகிறவர்களும் இங்கே வந்துபோவது பழைய வழக்கம். அடுத்தவரும் ஒருநாள் வருவார். அவரை நீங்கள் எங்கே நிறுத்துவீர்கள் என்று ஊகிப்பது கஷ்டமே இல்லை: கல்லூரியின் 'ஓல்ட் மெயின்' கட்டடத்தின் முன்னால். லிங்கன் பேசிய இடம், படத்துக்கு அழகு.

அங்கேதான் உங்களோடு ஒரு வழக்கு இருக்கிறது. 1858 அக்டோபர் 7 அன்று லிங்கன் மட்டும் அங்கே பேசவில்லை. ஸ்டீபன் டக்ளஸும் பேசினார். செனட் பதவிக்காக இருவரும் நடத்திய ஏழு விவாதங்களில் அது ஐந்தாவது. குளிர்காற்று அடித்த அடியில் மேடையைக் கட்டடத்தின் சுவரோரம் ஒண்டிப் போட்டார்கள். வாசல் அடைபட்டதால் பேச்சாளர்கள் ஜன்னல் வழியாக ஏறி மேடைக்கு வந்தார்கள். பள்ளிக்கூடமே ஒழுங்காகப் பார்க்காத லிங்கன், ஒருவழியாகக் கல்லூரிக்குள்ளும் புகுந்து வந்துவிட்டேன் என்று வேடிக்கை பேசினாராம். ஊரில் இன்றும் சொல்லும் கதை.

கணக்கு இப்படி: டக்ளஸுக்கு ஒரு மணி நேரம், லிங்கனுக்கு ஒன்றரை, மறுபடி டக்ளஸுக்கு அரை மணி. மூன்று மணி நேரமும் ஆயிரக்கணக்கானோர் நின்றபடி கேட்டார்கள். அடிமை முறையை எதிர்த்தவர்கள் உருவாக்கிய ஊர், கூட்டம் லிங்கன் பக்கம். டக்ளஸ் அதற்கு அஞ்சவில்லை. லிங்கனைப் பார்த்து, மூன்று வாரம் முன்பு இதே மாநிலத்தில் தெற்கே சார்ல்ஸ்டனில் நடந்த விவாதத்தில், கறுப்பரும் வெள்ளையரும் சமம் என்று சொல்லமாட்டேன் என்றீரே, வடக்கே வந்தால் வேறு பேச்சா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். லிங்கன் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. சொன்னார். அடிமை வேண்டும் என்பவனுக்கு அதை வைத்துக்கொள்ள உரிமை உண்டு என்று வாதிடும் டக்ளஸ் நம்மைச் சுற்றியுள்ள அறவிளக்குகளை ஊதி அணைக்கிறார் என்ற வாக்கியமும் அன்றைய பேச்சில் வந்ததுதான். அந்தத் தேர்தலில் லிங்கன் தோற்றார். 1860-இல் அதே கல்லூரி அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் தனியாகத்தான் பேசினார்கள். 1899-இல் அந்த விவாதத்தின் ஆண்டு நாளிலேயே அன்றைய அதிபர் மெக்கின்லி வந்தார். பிலிப்பைன்ஸில் அமெரிக்கப் படை சண்டையிட்டுக்கொண்டிருந்த சமயம். நாட்டுக்குள் அந்தப் போரை எதிர்த்தவர்கள் குறைவில்லை. விவாதத்தைக் கொண்டாடும் மேடையில் அவருக்கு மறுமொழி சொல்ல யாருக்கும் இடமில்லை. (ரேகன் சிறுவயதில் இந்த ஊரில் படித்தவர் என்பதையும் ஊரார் சொல்லிக்கொள்வார்கள். அதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.)

ஒபாமா விஷயம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. மேடேக் (Maytag) நிறுவனத்தின் குளிர்பதனப்பெட்டித் தொழிற்சாலை இங்கே இருந்தது. 2002-இல் மூடப்போவதாக அறிவித்து, 2004-இல் மூடி, வேலையை மெக்சிகோவுக்குக் கொண்டுபோனார்கள். சுமார் 1,600 பேருக்கு வேலை போயிற்று. அவ்வாண்டு செனட் வேட்பாளரான ஒபாமா அந்தத் தொழிலாளர்களைச் சந்தித்து, கட்சி மாநாட்டில் நாடே கேட்கும்படி அவர்களைப் பற்றிப் பேசினார். 2005-இல் நாக்ஸ் பட்டமளிப்பு விழாவுக்கு வந்தார். 2013 ஜூலையில் அதிபராக வந்து, நடுத்தர வர்க்கத்தின் நிலை குறித்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் பேசினார். ஏற்றத்தாழ்வைப் பற்றி அவர் சொன்னதில் பெரும்பகுதி சரி என்றே நினைக்கிறேன். ஆனால் வேலையிழந்தவர் ஒருவர் அதே மேடையில் எழுந்து, ஒன்பது வருஷமாகச் சொல்கிறீர்கள், இங்கே என்ன மாறியது என்று கேட்டிருந்தால் பேச்சு இன்னும் கூர்மையாகியிருக்கும். நல்ல பேச்சாளருக்கு எதிர்க்கேள்வி கெடுதல் செய்வதில்லை. டக்ளஸ் இல்லாவிட்டால் அன்றைய லிங்கனும் இல்லை.

என் கோரிக்கை சிறியது. அடுத்த அதிபரை, எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், இந்த ஊருக்கு அழைத்து வரும்போது பழைய கணக்கையே வையுங்கள். அவர் ஒரு மணி நேரம் பேசட்டும். அவரோடு உடன்படாத ஒருவர் ஒன்றரை மணி நேரம் பேசட்டும். கடைசி அரை மணி மீண்டும் அதிபருக்கு. எதிராளியை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம். தொழிற்சங்கம், கல்லூரி மாணவர்கள், நகர மன்றம் மூன்றும் கூடி முடிவு செய்யட்டும். கேள்விகளை முன்கூட்டியே எழுதி வாங்கக் கூடாது.

பாதுகாப்பு இடம் தராது, நேரம் போதாது என்பீர்கள். அப்படியானால் ஓல்ட் மெயின் பக்கம் வராதீர்கள். கிழக்கே பியோரியாவில் பெரிய அரங்குகள் இருக்கின்றன, விமான நிலையமும் இருக்கிறது. தனியாகப் பேசிவிட்டுப் போக அது வசதியான ஊர்.

இப்படிக்கு,
இல்லினாய் வாசகன் ஒருவன்