பத்து மணிக்கு மேல் ஒரு மணி நேரம்

அன்புள்ள விஜி,

உன் மெயிலுக்கு ஆறு வாரமாகப் பதில் போடாததற்குக் காரணம் சொன்னால் சிரிப்பாய். வேலை, அப்பாவின் கண் ஆபரேஷன், நந்தினியின் பரீட்சை எல்லாம் உண்மைதான். ஆனால் அதெல்லாம் முடிந்து ராத்திரி பத்து மணிக்கு மேல் கையில் மிஞ்சுகிற ஒரு மணி நேரத்தில் நான் உனக்கு எழுதவில்லை, கேம் ஆடிக்கொண்டிருந்தேன். 43 வயசில். ஜனவரியில் அமெரிக்காவிலிருந்து வந்த நாத்தனார் மகன், தான் ஆடிச் சலித்த ஸ்டீம் டெக்கை "வச்சுக்கோங்க அத்தை" என்று பழைய டிபன் பாக்ஸைத் தருவதுபோலத் தந்துவிட்டுப் போனான். கையில் பிடித்து ஆடுகிற சின்னக் கம்ப்யூட்டர் அது. முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. படுத்துக்கொண்டு ஆடினால் தூக்கத்தில் மூக்கில் விழும். இரண்டு தடவை விழுந்துவிட்டது.

டிசம்பர் வந்ததும் தொழில் பழக்கத்தில் கணக்கு முடித்துப் பார்த்தேன். தள்ளுபடியில் வாங்கிப் போட்டவை 14, திறந்து பார்த்தவை 6, முடித்தவை 2, செலவான நேரம் 211 மணி. எங்கள் பேங்க் கிளையில் யாராவது இப்படி ஒரு கடன் கணக்கு வைத்திருந்தால் அதை எப்போதோ வாராக்கடனில் சேர்த்திருப்போம்.

உங்கள் வீட்டு மாடியறை ஞாபகம் இருக்கிறதா? கணேஷ் அண்ணனின் டிவி கேம், அந்த மஞ்சள் கேசட். 9999 ஆட்டம் என்று மேலே போட்டிருக்கும், உட்கார்ந்து எண்ணினால் இருபதுதான் தேறும், மிச்சமெல்லாம் அதே மரியோ வேறு வேறு பெயரில். வேலை செய்யாவிட்டால் கேசட்டைக் கழற்றி ஊது ஊது என்று ஊதிச் செருகுவோம். காண்ட்ரா என்கிற துப்பாக்கி ஆட்டத்தில் முதல் ஆளுக்கு நீல பேண்ட், இரண்டாவது ஆளுக்குச் சிவப்பு பேண்ட், உனக்கும் எனக்கும் மாறி மாறிச் சிவப்புதான், நீலத்தை அண்ணன் விட்டதே இல்லை. நீர்வீழ்ச்சிக் கட்டம் வந்தால் அவர் பாட்டுக்கு விறுவிறுவென்று மேலே ஏறுவார், திரையும் அவரோடு மேலே போகும், கீழ்ப்பாறையில் நிற்கிற நாம் யாரும் சுடாமலேயே செத்துப்போவோம். "வேகமா வரணும்ல" என்பார். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான்.

அப்போதெல்லாம் ஆட்டம் எப்போது நிற்கும் என்பது மின்வாரியத்தின் கையில் இருந்தது. கரண்ட் போனால் ஆறாவது கட்டமும் போச்சு, மறுபடி முதலிலிருந்து. இப்போது கரண்ட் போனாலும் பேட்டரி இருக்கிறது. ஆனால் வீடு இருக்கிறதே. நந்தினி தண்ணீர் கேட்பாள், அப்பா இருமுவார், மோட்டாரை அணைத்தாயா என்று இவர் உள்ளே இருந்து குரல் கொடுப்பார். அதனால் எந்த ஆட்டமானாலும் கதை எப்படி, படம் எப்படி என்றெல்லாம் இந்த வருஷம் நான் முதலில் கேட்கவில்லை. பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகலாமா, அவ்வளவுதான் என் கேள்வி.

எடுத்த எடுப்பிலேயே அதில் தோற்றது எல்டன் ரிங். 2022இல் வந்து உலகமே கொண்டாடிய ஆட்டம், நானும் மறுக்கவில்லை, அந்தப் பொன்மரம் வானத்தை அடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தபடியே குதிரையில் சுற்றிக்கொண்டிருக்கலாம். ஆனால் அதில் ஆட்டத்தை நிறுத்திவைக்கிற பாஸ் பட்டனே கிடையாது. மெனுவைத் திறந்தாலும் பின்னால் அடி விழுந்துகொண்டேதான் இருக்கும். கோட்டை வாசலில் மார்கிட் என்று ஒருவன் நிற்கிறான். தடியை ஓங்குவான், நீ பயந்து உருளுவாய், அவன் அடிக்க மாட்டான், ஓங்கியபடியே நிற்பான், நீ உருண்டு எழுந்து மூச்சு விடுகிற அந்த நொடியில் நிதானமாக இறக்குவான். எங்கள் பழைய மேனேஜர் ஒருவர் இப்படித்தான் மெமோ கொடுப்பார். பதினேழாவது முயற்சியில் அவன் உயிர் கால்வாசிக்கு வந்துவிட்டது, என் கை வியர்த்துப் பட்டன் வழுக்குகிறது, உள்ளே இருந்து "அம்மா, பாத்ரூம் லைட்டைப் போடு." போட்டுவிட்டு வந்தேன். செத்துக் கிடந்தேன்.

பவர் பட்டனைத் தட்டினால் அதையும் தூங்கவைக்கலாம் என்று நாத்தனார் மகன் ஏப்ரலில் சொன்னான். சரி, தட்டலாம். ஆனால் ஓங்கிய தடிக்கு நடுவில் தூங்கவைத்து அரை மணி கழித்து எழுப்பினால், எந்தப் பட்டனில் இருந்தோம் என்பதே கைக்கு மறந்திருக்கும். கடைசியில் வாசலில் தரையில் தெரிகிற ஒரு கையெழுத்தைத் தொட்டால் ரோஜியர் என்ற மந்திரவாதி துணைக்கு வருவான் என்று தெரிந்து, அவனை முன்னால் விட்டு, நான் பின்னால் ஒளிந்து ஒளிந்து, ஒருவழியாக மார்கிட்டை முடித்தேன். திரும்பவும் சிவப்பு பேண்ட் வேலைதான். முடித்த கையோடு ஆட்டத்தையும் மூடி வைத்தேன்.

அப்புறம் ஸ்டார்ட்யூ வேலி. உனக்குத் தெரிந்திருக்கும், தாத்தா விட்டுப்போன பாழ்நிலத்தைத் திருத்திப் பயிர் வைக்கிற ஆட்டம். எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நாலரை வருஷம் தனியாக உட்கார்ந்து படம், பாட்டு, கதை, புரோகிராம் எல்லாம் செய்து 2016இல் விட்டது, இன்றைக்கு 4 கோடிப் பிரதிக்கு மேல் விற்றிருக்கிறது. அதில் ஒரு நாள் காலை 6 மணிக்கு விடிந்து ராத்திரி 2 மணிக்கு முடியும், நம் கடிகாரத்தில் 14 நிமிஷம். மெனுவைத் திறந்தால் அந்த ஊர்க் கடிகாரம் நின்றுவிடும், நீ போய்த் தோசை வார்த்துவிட்டு வரலாம். ஆனால் படுத்துத் தூங்கினால்தான் அன்றைய நாள் சேமிப்பாகும். சேமித்ததும் உடனே விடிந்துவிடும், விடிந்துவிட்டதே என்று தண்ணீர் ஊற்றப் போவோம், "இதோ இந்த ஒரு நாள் மட்டும்" என்று ஆரம்பித்து மணி பன்னிரண்டரை.

ஜூலையில் அப்பாவுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தது. ராத்திரி சொட்டு மருந்துக்காக விழித்திருந்தவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நல்ல கண்ணால் என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பூவாளியை வைத்து ஒவ்வொரு செடியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

"என்னட்டி இது, செடிக்கு ஒரு வாளியா? வாய்க்கா கெடையாதா?"

கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் நாற்பது வருஷம் விவசாயம் பார்த்தவர், கேட்கத்தானே செய்வார். இல்லை என்றேன். இது எந்தப் போகம், காரா பிசானமா என்றார். ஸ்பிரிங் என்றேன். விதை என்ன விலை, 20. கிழங்கு என்ன விலை, 35. எத்தனை நாள், நாலே நாள். மூட்டை கட்டுவது யார், ஏற்றுகூலி யார்? யாரும் இல்லை அப்பா, இந்தப் பெட்டியில் போட்டால் ராத்திரி வந்து எடுத்துக்கொண்டு பணத்தை வைத்துவிடுவார்கள். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எவ்வளவு போட்டாலும் வெல எறங்காதா?"

"இறங்காது."

ஒரு வருஷம் ஏத்தன் தாருக்கு வெட்டுக்கூலி கூடக் கட்டாது என்று வயலிலேயே விட்டுவிட்டு வந்த மனுஷன் அவர். கண்ணில் பச்சைத் துணியோடு அப்படிச் சிரித்தார், அம்மா போன பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. "அப்ப இது சாமி கதை மாதிரிதான். சரி, நடு நடு."

அடுத்த வாரம் நான் காலிஃபிளவர் வைத்தேன். எத்தனை நாள் பயிர் என்றார், 12 என்றேன். மாசத்துக்கு எத்தனை நாள், 28. இன்றைக்குத் தேதி, 20. விரலை மடக்கிப் பார்த்துவிட்டு "வராதே" என்றார். நான் கண்டுகொள்ளவில்லை, ஒரு செடிக்கு 80 கொடுத்து வாங்கின விதை, வராமலா போகும்? 28ஆம் தேதி ராத்திரி படுத்து எழுந்தால் கோடைக்காலம், என் காலிஃபிளவர் முப்பதும் ஒரே ராத்திரியில் காய்ந்து சருகாக நிற்கிறது. அந்த ஆட்டத்தில் பருவம் மாறினால் பழைய பருவத்துப் பயிர் அப்படியே போய்விடும். பேங்கில் வட்டிக்கு நாள் கணக்குப் போடுகிறவள் நான்! அதிலிருந்து நடவுத் தேதியெல்லாம் அப்பாதான். மாசக் காலண்டரின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். புதன்கிழமை விதைக்கடை லீவு என்பதைக்கூட. அவர் தன் நிலத்தில் பாதியைக் கொடுத்துவிட்டது உனக்குத் தெரியும், அது பற்றி நாங்கள் பேசுவதில்லை, அந்த ஆட்டத்துப் பார்ஸ்னிப் கிழங்கைப் பற்றித்தான் பேசுகிறோம்.

மத்தியான சாப்பாட்டு நேரத்துக்கு போனில் பலாட்ரோ. சீட்டாட்டம்தான், போக்கரில் போலச் சீட்டுகளைச் சேர்த்து, ஜோக்கர்களை விலைக்கு வாங்கி வரிசையில் வைத்து எண்ணை ஊதிப் பெரிதாக்குவது. ஒரு பைசா பந்தயம் கிடையாது. இவர் ஒருநாள் என் தோளுக்குப் பின்னால் நின்று சீட்டைப் பார்த்துவிட்டு முகம் வெளிறிப்போனார். ஆன்லைன் ரம்மியில் நகையை வைத்தவர்கள் கதையெல்லாம் இங்கே நிறையக் கேட்டாயிற்றே, என் வளையலைக்கூட ஒரு பார்வை பார்த்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, ஐரோப்பாவில் ஆட்டங்களுக்கு வயசு முத்திரை குத்துகிறவர்களே அதற்கு 18 என்று குத்திவிட்டு, அப்பீல் போன பிறகு 2025 பிப்ரவரியில் 12 என்று மாற்றினார்கள். இவர் இன்னும் மாற்றவில்லை.

முடித்த இரண்டில் ஒன்று அவுட்டர் வைல்ட்ஸ். இதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், சொன்னால் உனக்கு ஆட இருக்காது. ஒரு சின்னச் சூரியக் குடும்பம், ஓட்டை உடைசல் ராக்கெட், 22 நிமிஷம் ஆனதும் சூரியன் வெடித்து எல்லாரும் காலி, நீ மறுபடி அதே கணப்புத் தீ பக்கத்தில் கண் விழிப்பாய். ஆயுதம் வளராது, பணம் சேராது, போன தடவை தெரிந்துகொண்டது மட்டும்தான் கூட வரும். இரட்டைக் கிரகம் ஒன்று இருக்கிறது, ஒன்றிலிருந்து மணல் தூணாக இன்னொன்றின் மேல் கொட்டிக்கொண்டே இருக்கும், இங்கே குகைகள் மூட மூட அங்கே கோபுரங்கள் வெளியே வரும், எந்த நிமிஷத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் வித்தை. என் ஒரு மணி நேரத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. ராத்திரிக்கு இரண்டு சாவு, அப்புறம் தூக்கம். முடித்த அன்றைக்குக் கொஞ்சம் அழுதேன், யாருக்கும் தெரியாது.

இன்னொன்று வெண்பா, உங்கள் ஊர்ச் சரக்கு. டொராண்டோவில் இருக்கிற விசை கேம்ஸ் 2023இல் செய்தது, அடுத்த வருஷமே பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் அறிமுக ஆட்டத்துக்கான விருதும் வாங்கியது. 1988இல் கனடாவுக்கு வந்த தமிழ்க் குடும்பம், அம்மாவின் அங்கங்கே அழிந்துபோன சமையல் குறிப்பைப் பார்த்துச் செய்முறையைக் கண்டுபிடிப்பதுதான் புதிர். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று வருகிறது பார், அது எனக்கு எப்படிப் புதிராகும்? பத்து விநாடி. நந்தினிதான் இரண்டு தடவை தப்பாக அடுக்கினாள், பன்னிரண்டு வயசு, திருநெல்வேலியிலேயே பிறந்து தினம் இட்லி தின்கிறவள்! மறுநாள் காலையில் நிஜத் தட்டைக் கையில் கொடுத்து அடுக்கச் சொன்னேன், முறைத்துக்கொண்டே அடுக்கினாள். ஆட்டம் ஒன்றரை மணி நேரம்தான், ஒரே சாயங்காலத்தில் முடிந்துவிட்டது. அந்த அம்மா ஒரு வார்த்தை எழுதுவாள், அழிப்பாள், வேறு எழுதி மகனுக்கு அனுப்புவாள், அங்கே உன்னை நினைத்துக்கொண்டேன். உன் பையன் இப்போது தமிழில் பதில் சொல்கிறானா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டார்ட்யூவில் இரண்டு பேர் சேர்ந்து ஒரே பண்ணையில் ஆடலாம். எனக்குச் சனிக்கிழமை ராத்திரி பத்து என்றால் உனக்கு அன்று காலை பதினொன்றரை, குளிர்காலம் முடியும்வரை. ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இரண்டு பேர் ஆடினால் மெனுவைத் திறந்தாலும் கடிகாரம் நிற்காது, இரண்டு பேரும் போய்ப் படுத்தால்தான் நாள் முடியும். நான் பாதியில் காணாமல் போனால் நந்தினி கூப்பிட்டாள் என்று அர்த்தம், நீ செடிக்குத் தண்ணீர் ஊற்றி, கோழிக் கூண்டை அடைத்துவிட்டுக் கட்டிலில் காத்திரு. என்ன நடுவது என்று அப்பா தேதியோடு எழுதி வைத்திருக்கிறார், அதை மாற்றக் கூடாதாம். கணேஷ் அண்ணனிடம் மட்டும் மூச்சு விடாதே, மூன்றாவது ஆளாக உள்ளே வந்து நிலத்தைப் பிரித்துக் கேட்பார்.

அன்புடன்,
செல்வி
பாளையங்கோட்டை